இடது பக்கத்துப் புருவம்

அன்பு வாலுவுக்கு,

ஒரு காரின் முகத்தைப் பார்த்ததும் ஏன் சிரிப்பு வருகிறது? காலமெல்லாம் கார்களை அளவெடுத்தே சம்பளம் வாங்கியவள் நான், எனக்குப் பதில் தெரியவில்லை. உன் இருமல் விட்டதா, நேரத்துக்குத் தூங்குகிறாயா என்பதற்காவது நீ பதில் எழுது. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைக் கண்டால் வருகிறது, டிவியைக் கண்டால் போய்விடுகிறது.

எங்கள் கம்பெனி அந்தப் பழைய கார் பிராண்டை வாங்கியது உனக்குத் தெரியும். என்றோ நின்றுபோன காரை பேட்டரி வண்டியாகத் திரும்பக் கொண்டுவரப் போகிறோம் என்றபோது, பழைய சட்டைக்குப் புதுப் பட்டனா என்று கேட்டவள் நான். போன வாரம் களிமண்ணில் செய்த முழு அளவு மாதிரியின் மேலிருந்த துணியை எடுத்தார்கள். அதே உருண்டை விளக்குகள், அதே குட்டை மூக்கு, உள்ளே எல்லாம் புதுசு. விளக்குகளின் மேல் புருவம் மாதிரி வளைந்த தகடு லேசாகத் தாழ்ந்து, இப்போதுதான் தூங்கி எழுந்து யாரையோ பார்த்துச் சிரிப்பதுபோல் ஒரு முகம். கேன்டீன்காரர் வரை வந்து பார்த்துவிட்டுப் போனார். நானும் வேலையே இல்லாமல் இரண்டு மூன்று தடவை அந்தப் பக்கம் நடந்தேன், அப்பாவிடம் சொல்லாதே. மாதிரிக்காக அவர்கள் ஸ்கேன் செய்தது நம் வீட்டுப் பழைய காரைத்தான், அந்த மாடலில் நல்ல நிலையில் வேறு கிடைக்கவில்லை. காரின் ஒரு பாதியை மட்டும் எடுத்து, கணினியில் அதையே திருப்பிப் போட்டு மறுபாதி ஆக்குவது இந்த வேலையில் வழக்கம். அவர்கள் எடுத்தது இடது பாதி. இன்று சரிபார்க்கும்போது நம் காரின் வலது பக்கத்தையும் அளந்தேன், அங்கே புருவம் ஒரு விரல் உயரமாக நிற்கிறது. உடனே புரிந்துவிட்டது. நீ ஓட்டக் கற்றுக்கொண்ட புதிதில் இடது பக்கத்தைக் கேட் தூணில் இடித்தாயே, டிங்கரிங் கடைக்காரர் தட்டித் தட்டிப் பார்த்தும் முழுசாக நிமிரவில்லை, மேலே பெயிண்ட் அடித்து மறைத்தோமே, அதே இடம். ஊரே மெச்சும் அந்தச் சிரிப்பு நீ இடித்த இடி.

நாளைக் காலை இறுதி ஒப்புதல், அது முடிந்தால் தகடு வார்க்கும் அச்சுகளுக்கு ஆர்டர் போய்விடும், பிறகு மாற்ற முடியாது. விளம்பரத்தில் 'அசலின் அதே முகம்' என்று எழுதியாகிவிட்டது. சொன்னால் அந்த முகமே போய்விடலாம், அதற்காக வீடு வாசல் மறந்து உழைத்த டிசைன் தலைவருக்கும் தலைகுனிவு. சொல்லாவிட்டால் தெரிந்தே ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டவள் ஆவேன். அப்பாவிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இடித்தது அவள், பாராட்டு மட்டும் உங்கள் கம்பெனிக்கா என்கிறார். சொல்லிவிடத்தான் போகிறேன். ஆனால் அந்த முகம் போய்விடக் கூடாதே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது, ஒரு காருக்காக, அதுவும் எனக்கு.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும். அங்கே வண்டி எடுத்தால் தூண்களைப் பார்த்து எடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா

மறுநாள் மாலை சேர்த்தது: சொன்னேன். டிசைன் தலைவரின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் நிர்வாக இயக்குநர் மேடம், வலது பாதியைத் திருப்பிப் போட்டுத் திரையில் காட்டச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னங்க இது, முறைக்குது" என்றார். விளம்பரத்தில் அசல் என்ற வரியை அடித்தார், புருவத்தை அப்படியே வைத்துக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் டிசைன் தலைவர் என்னிடம், பின்பக்கம் இன்னும் சரியாக வரவில்லை, உங்கள் பெண் எப்போது வருவாள் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா வெளியே போய், நம் காரின் இடது பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டு வந்தார்.