அப்பா எடுத்த சீட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் அப்படித்தான் என்று எழுதப் போனேன், பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதனால்தான் கடிதம்.

அவருக்கு இதயத்தில் அடைப்பு, ஆபரேஷன் தவிர வேறு வழியில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன்னிடம் வாயுத் தொல்லை என்று சொன்னதெல்லாம் அவர் கட்டின கதை. போன திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனோம், மேலே போகும்போது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. பத்து நிமிஷம்தான். கதவைத் திறந்ததும் மனுஷன் மடமடவென்று படியிறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர்! கதவு இடுக்கில் தூசி சேர்ந்தால் நிற்கும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவர், என்னை ஏத்தும்போது மட்டும் ஏன் நிக்கணும், போகாதேன்னு சொல்லுதுடி என்கிறார். கெஞ்சினேன், அழுதேன், ஆள் அசையவில்லை. கடைசியில் சீட்டு எழுதிப் போடுவோம், வருகிறபடி கேளுங்கள் என்றேன். ஒன்றில் போ, ஒன்றில் போகாதே என்று எழுதுவதாகச் சொல்லிவிட்டு, இரண்டிலும் போ என்றே எழுதினேன். எடுத்துப் பார்த்தார், சரி போறேன் என்றார். மற்றதை அடுப்பில் போட்டுவிட்டேன். நாலாம் தேதி ஆபரேஷன்.

அவர் சீட்டு எடுத்த அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு. சகுனமாவது மண்ணாங்கட்டியாவது என்று வாய் கிழியப் பேசினவள், இப்போது டம்ளர் கை நழுவினாலே நெஞ்சு திக்கென்கிறது. அந்த லிஃப்ட் நிஜமாகவே தடுத்திருந்தால்? நானே அவரைப் பிடித்துத் தள்ளினவள் ஆகிவிடுவேனே. நேற்று உன்னை வரச் சொல்லலாமா என்று கேட்டேன், அதுக்கும் சீட்டு போட்டுடலாம் என்று அவரே எழுதிக் குலுக்கினார். நான் எடுத்ததில் வர வேண்டாம் என்று இருந்தது. அவர் குளிக்கப் போனதும் குப்பைக்கூடையைக் கிளறி மற்றதைப் பிரித்தேன், அதிலும் வர வேண்டாம். என் தில்லுமுல்லு அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் அந்தப் பயம் அவர் மனசில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, எனக்காகத்தான் போகிறார். கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. கடிதம் வந்ததைப் பற்றி அப்பாவிடம் மூச்சு விடாதே. நாலாம் தேதிக்குள் வந்துவிடும்மா, ஆபரேஷன் அறை வாசலில் தனியாக உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா