ஐந்து கட்டம் கீழே

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுத உட்கார்ந்தேன். இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் அப்பா காதில் விழாத மூலை ஒன்று இந்த வீட்டில் கிடையாது. போன வாரம் கேட்டாயே, ஆபரேஷன் சமயத்தில் லீவு கிடைக்காமல் நீ வராததில் அவருக்குக் கோபமா, அதனால்தான் ஃபோனுக்கு வருவதில்லையா என்று. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. தொண்டை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் நீ ஒரு நாள் கூப்பிட்டபோது எடுத்தது அவர்தான். குரல் கனத்துக் கரகரவென்று இருந்ததால் உனக்கு அடையாளம் தெரியவில்லை. யாருங்க பேசறது, அம்மா இல்லையா என்று கேட்டாய். அவர் பேசாமல் ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டார். நானும் என்ன சொல்வதென்று தெரியாமல், குழாய் ரிப்பேருக்கு வந்தவர் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். அதையும் கேட்டுக்கொண்டுதான் பக்கத்தில் நின்றார். உன்மேல் தப்பே இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். ஆனால் அதற்குப் பிறகு அவர் ஃபோனைத் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்மணி, தினமும் காலையில் ஏதாவது ஒரு வாத்தியத்தோடு சேர்ந்து ச ரி க ம என்று ஏறி இறங்கச் சொல்லுங்கள், முதல் சில மாதம்தான் முக்கியம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் இருந்த வாத்தியம் நீ பரணில் போட்டுவிட்டுப் போன கிட்டார்தான். தூசி தட்டி எடுத்தேன். பள்ளிக்கூட நாளில் ஸ்கேல் பழக நீ என் நெயில் பாலிஷைத் தீர்த்துக் கிட்டார் கழுத்தின் கட்டங்களில் வைத்தாயே, அந்தச் சிவப்புப் புள்ளிகள் அப்படியே இருந்தன. அன்றைக்கு உன்னைத் திட்டினேன், இன்றைக்கு அவைதான் எனக்கு வாத்தியார். தடிக்கம்பியில் எட்டாவது கட்டத்தில் ஆரம்பித்து அதில் இரண்டு ஸ்வரம், அடுத்த கம்பியில் மூன்று, அதற்கடுத்ததில் மூன்று. விரல் நுனியெல்லாம் கன்றிப்போய் ஊசி பிடிக்க முடியாமல் என் தையல் ஒரு வாரம் நின்றது. மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து மிக்ஸி ரிப்பேரா என்று விசாரித்துவிட்டுப் போனார். எனக்கு ஒருவழியாகப் படிந்துவிட்டது, அப்பாவுக்குத்தான் வரவில்லை. ஐந்தாவது ஸ்வரம் வரை வருவார், ஆறாவதில் குரல் பிசிறும், ஏழாவதில் வெறும் காற்று. நான் சும்மா இருந்தேனா, இன்னும் கொஞ்சம் எட்டிப் பிடிங்க, அவ்வளவு சின்னப் பொண்ணு பாடினது உங்களுக்கு வராதா என்று தினமும் பிடுங்கி எடுத்தேன். ஒரு காலத்தில் அவர் ஸ்டாப் பேரைச் சொன்னால் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறவனும் எழுந்து இறங்குவான். இப்போது கண்டக்டர் வேலையிலிருந்து எடுத்து டெப்போவில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் பாதியில் எழுந்துகொண்டார். "என் குரல் போயிடுச்சு. நீயாவது ஒத்துக்கோ" என்றார். பயிற்சி அதோடு நின்றது.

அப்புறம் தடிக்கம்பியும் அறுந்துபோய், கிட்டார் பீரோ பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கம்பி மாற்றி யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று போன மாதம் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் புதுக்கம்பி போட்டுச் சுருதி கூட்டி, புள்ளி இருக்கிற இடத்தில் ஒரு தடவை ஏறி இறங்கினார். பிறகு கையை அப்படியே நகர்த்தி மூன்றாவது கட்டத்திலிருந்து ஆரம்பித்தார், அதே ச ரி க ம தாழ்ந்த சுருதியில் வந்தது. நான் விடுவேனா, புள்ளி இல்லாத இடத்தில் வாசிக்கிறீர்கள், அது தப்பு என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "புள்ளி எங்க வேணாலும் வெச்சுக்கலாம்மா, விரலுக்கு விரல் தூரம் மாறாம இருந்தா போதும். இது யார் குரலுக்கு வெச்சது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. உன் குரலுக்கு வைத்தது. நீ பாடுவதற்கு வசதியான இடத்தில் அவரை ஏற்றி நிறுத்தி, வரவில்லை வரவில்லை என்று படுத்தியிருக்கிறேன். வெட்டு மாதிரித் தாளைத் துணியில் தள்ளி வைத்து வெட்டினாலும் சட்டை அதே சட்டைதான் என்பது தெரிந்த தையல்காரி நான், இது மட்டும் புத்தியில் உறைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். பழக்க வேண்டிய மாதங்கள் போய்விட்டன, இனிமேல் குரல் மேலே ஏறாது, இருக்கிறதை வைத்துப் பேசலாம், பாடவும் செய்யலாம் என்றார்கள். ஐந்து கட்டம், குட்டிம்மா. கையை ஐந்து கட்டம் இறக்கியிருந்தால் அவர் அந்த மாதங்களில் பயிற்சியை நிறுத்தியிருக்க மாட்டார்.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஷேவ் செய்கிற நேரத்தில் சமையலறையில் உட்கார்ந்து மூன்றாவது கட்டத்திலேயே வாசித்துக்கொண்டிருந்தேன். பல நாள் தண்ணீர்ச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. போன வியாழக்கிழமை கூடவே ஒரு முனகல் வந்தது. ஐந்தைத் தாண்டியது, ஆறைத் தாண்டியது, மெதுவாக எட்டாவதில் போய் நின்றது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று பயம். முகத்தில் பாதி சோப்போடு சமையலறை வாசலில் வந்து நின்றார். சந்தோஷத்தில் அவசரப்பட்டு, குட்டிகிட்ட பேசறீங்களா என்று கேட்டுவிட்டேன். "அவளுக்கு இந்தக் குரல் யாருன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவப் போய்விட்டார்.

நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்து, நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. ராத்திரி வேலை இருந்தால் வெறும் வயிற்றோடு உட்காராதே. ஒன்று மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை காலை, இங்கே அவர் ஷேவ் செய்கிற நேரம் பார்த்துக் கூப்பிடு. அப்பாவைக் கொடு என்று கேட்காதே. நான் ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டு மூன்றாவது கட்டத்தில் ஆரம்பிப்பேன், நீயும் கூடவே பாடு. உனக்கு அது பாதாளத்தில் இருக்கும், குரலே நிற்காது. சமாளிப்பதற்காக மேலே தாவிவிடாதே. உன் இடத்துக்கு ஏறி வர முடியாமல் அவர் எத்தனையோ நாள் காலையில் மூச்சு வாங்கினார், ஒரு நாள் காலையில் நீ அவர் இடத்துக்கு இறங்கிப் பார். உனக்கு முடியாமல் போனாலும் போகட்டும், அதையும் அவர் கேட்கட்டும்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா