பத்துக்குப் பத்து வாங்கிய பொய்

என்னங்க,

டிப்போவிலிருந்து வந்ததும் முதலில் சாப்பிடுங்கள், அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கிறேன். மூன்று மணிக்குப் பிளம்பர் வருவார். ஒழுகுவது பாத்ரூம் குழாய், சமையலறைக் குழாயைக் காட்டிவிடாதீர்கள்.

என் ஆன்லைன் உடல்நலப் படிப்பை நீங்கள் கிண்டலடித்து இன்றோடு நான்கு நாள். "உடம்பப் பாத்துக்கக்கூடவா காலேஜு?" என்று நீங்கள் கேட்டபோது என் மைக் ஆனில் இருந்தது. வகுப்பே சிரித்தது, டீச்சர் உட்பட. அன்றிலிருந்துதான் நான் உங்களோடு பேசவில்லை.

இந்த வார வீட்டுப்பாடத்தில் ஒரு கேள்வி: தினமும் யாரிடம் பத்து நிமிடமாவது மனம் விட்டுப் பேசுகிறீர்கள்? பழக்கதோஷத்தில் உங்கள் பெயரை எழுதித் தொலைத்தேன். டீச்சர் பத்துக்குப் பத்து போட்டு, 'கொடுத்து வைத்தவர்' என்று வேறு எழுதியிருக்கிறார்.

கடையில் இன்று துணி மூட்டை வருகிறது, பிரித்து அடுக்கிவிட்டு ஏழு மணிக்குத்தான் வருவேன். அப்போது டிவி ஓடக் கூடாது. வாங்கிய மார்க்குக்கு வேலை பார்க்க வேண்டும்.

பி.கு.: நீங்கள் தேடும் பிஸ்கட் டப்பா சோப்புத்தூளுக்குப் பின்னால் இருக்கிறது. ஒளித்தது பாடத்தில் சொன்னதற்காக இல்லை, கோபத்தில்தான். முழுசாகக் காலி பண்ணிவிடாதீர்கள், பேசும்போது நமக்கு வேண்டும்.