ஹேமேக்கர் யார்?

ஞாயிறு, இரவு.

மூக்கண்டப்பள்ளி ஹாஸ்டலில் தங்கி கம்பெனி வேலைக்குப் போகும் என் மகள் கவிதா, காலையில் எங்கள் ஊர் உத்தனப்பள்ளிக்கு வந்தாள். வலது கை விரல் முட்டிகள் வீங்கியிருந்தன. மெஷினில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். நான் நம்பவில்லை.

மத்தியானம் மாட்டுக்குப் புல் போடும்போது அவள் போனில் பேசியது காதில் விழுந்தது. "ஹேமேக்கர் எப்படி?" என்று யாரிடமோ கேட்டுச் சிரித்தாள்.

"யாரு அது?" என்றேன்.

"ஆளு இல்லம்மா. புல்லு காயவைக்கற மெஷினு. நம்ம மாட்டுக்கு வாங்கலாம்னு பார்க்கறன்."

இருப்பது இரண்டு மாடு. அதற்கு எதற்கு மெஷின்? யாரோ ஒரு பையனின் பட்டப்பெயர் என்றே பட்டது. அவள் குளிக்கப் போனதும் என் போனில் தேடிப் பார்த்தேன். அவள் சொன்னதும் சரிதான். புல்லை அறுத்துக் காயவைக்கிற ஆளுக்கும் மெஷினுக்கும் அந்தப் பேர் உண்டு. கீழே இன்னொரு அர்த்தம் இருந்தது. குத்துச்சண்டையில் கையை அகல வீசி, முழு பலத்தோடு விடும் குத்து.

சாப்பிடும்போது கேட்டுவிட்டேன்.

"யாரை அடிச்ச?"

"யாரையும் இல்லம்மா. பாக்ஸிங் கத்துக்கறன்."

"திடீர்னு எதுக்கு?"

"ஷிப்ட் முடிஞ்சு வர்ற வழியில தேவைப்படுது."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

காலையிலிருந்து இவளைத்தான் சந்தேகப்பட்டேன். அந்த வழியில் அவளை மறித்து நிற்பவன் யார்? கம்பெனி ஆளா, வெளியாளா? நாளை அவள் ஏறும் பஸ்ஸில் நானும் ஏறப்போகிறேன். கவிதாவிடம் இன்னும் சொல்லவில்லை.