காட்டிக்கொடுத்த எண்ணெய்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, அந்தப் பரிசோதனைக்கூடத்துக் குளிரில் கழுத்தை மூடிக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். தச்சுப்பட்டறைச் சாமான் ஏற்றி நான் ஓட்டும் நம் பிக்கப் வண்டியிலிருந்து வடித்து அனுப்பிய பழைய இன்ஜின் எண்ணெய்க்கு நீ எழுதிய அறிக்கையை நாலு முறை படித்துவிட்டேன். இரும்புத் துகள் குறைவு, இன்ஜின் தேயவில்லை என்றதும் அப்பா மீசையை முறுக்கினார், என்னவோ இவரே உள்ளே இறங்கித் துடைத்ததுபோல. ஆனால் எண்ணெயில் பெட்ரோலும் தண்ணீரும் கலந்திருக்கிறது, வண்டி சரியாகச் சூடேறுவதே இல்லை, நீ மெயின் ரோட்டில்தான் போகிறாயா அம்மா என்று கேட்டிருந்தாயே, அங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கூடவே இருக்கும் மனுஷனுக்குத் தெரியாதது ஒரு புட்டி எண்ணெய்க்கு எப்படியடி தெரிந்தது? எனக்கும் ஆசை விடவில்லை, மை ஒற்றும் தாளில் ஒரு சொட்டு விட்டு, நடுவில் கருப்பும் சுற்றிலும் வெளிறிய வளையமுமாக அது பரவுவதை அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். எண்ணெய்க் கடைக்காரர், "வண்டிக்கு வயசாயிடுச்சுக்கா, கெட்டியா ஊத்துங்க" என்றார். வயசானவர்களுக்கு நீர்க்கக் கரைத்துத்தானே கொடுப்பார்கள் என்று கேட்டுவிட்டு, நீ சொன்னபடி வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் தர நம்பர் எண்ணெயையே வாங்கி ஊற்றினேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு முன் மெயின் ரோட்டில் ஒரு லாரி என் பக்கக் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனது. அன்று பிடித்த பயம். தூரத்துக்குப் போகவேண்டிய கட்டில், மேசையெல்லாம் வேறு வண்டிக்காரரிடம் தள்ளிவிட்டு, நாலு தெரு சுற்றி, மிச்ச நேரம் தச்சுப்பட்டறை வாசலில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மெயின் ரோட்டு நெரிசலைக் கதை கதையாக அளந்தேன். நீ சொன்ன வைத்தியமோ, வாரம் ஒருமுறையாவது முக்கால் மணி நேரம் அதே ரோட்டில் நிற்காமல் ஓட்டவேண்டும், அப்போதுதான் புது எண்ணெயில் சேரும் பெட்ரோலும் தண்ணீரும் சூட்டில் ஆவியாகும் என்பது. வண்டிக்கு மருந்து, எனக்குக் கஷாயம். நேற்றுக் காலை அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் திட்டவில்லை. "நானும் வரேன், வாயே திறக்கமாட்டேன்" என்றார், கல்யாணமாகி முதல் முறையாக, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். லாரிகள் ஒட்டி வந்தபோது ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன், ஆனாலும் நிறுத்தாமல் பெரிய பாலம் வரை போய்த் திரும்பினேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழவேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன், மறக்காதே. ஒவ்வொரு கடிதத்திலும் நல்லா இருக்கேன் என்று ஒரே வரியோடு முடித்துக்கொள்கிறாய். உன்னிடமிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்க்க எனக்கு வழியில்லை, நீயாகச் சொன்னால்தான் உண்டு.

ஆசிகளுடன்,
உன் அம்மா