ஆட்டுக்கல்லுக்குள் திறப்பு

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. எங்கள் ஊர் நாரந்தனையில் பஸ் நாற்பது நிமிடம் பிந்தி. ஊர்காவற்றுறைக்கு, வேலை செய்யும் கொமினிகேசன் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்சட்டை முழங்கால்வரை நனைவு. போட்டோக்கொப்பி இயந்திரம் ஈரத்தில் தாளைக் கடித்தது. மூன்று தடவை.

மத்தியானம் மின்னஞ்சல். கொழும்பு கேம் கொம்பனி! நான் விண்ணப்பித்த பதினோராவது இடம். மற்றப் பத்தும் மூச்சே விடவில்லை. இவர்கள் பரீட்சை வைத்திருக்கிறார்கள். யாருமில்லாத ஒரு வீடு செய்யவேண்டும். விளையாடுபவர் உள்ளே நடக்கவேண்டும், பயப்படவேண்டும். பேய் வரக்கூடாது. ஞாயிறுக்கு முன் அனுப்பவேண்டும்.

வாசித்து முடிக்கும்போதே மனதில் ஒரு வீடுதான். எங்களுடையது. நானும் அம்மாவும் அதில் இருக்கிறோம்தான். ஆனாலும்.

வேண்டியவை:
அளவுநாடா (சிநேகிதன் சுதனிடம்)
கதவு, சுவர், ஓடு படமெடுக்க
சத்தம் பதிய
யூ.பி.எஸ். பற்றரி. இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது எல்லாம் போகும்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டு விட்டு. லீவு.

அம்மா ஏழு மணி பஸ்ஸில் யாழ்ப்பாணம். மாதத்தில் ஒரு நாள் போவார். காணாமல் போனவர்களின் அம்மாமார் படங்களோடு வீதியோரம் உட்காரும் நாள். கோகுலன் அண்ணாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, பழைய சீலைத் துணியில் சுற்றி, மழைக்கு அதன்மேல் ஷொப்பிங் பை.

அண்ணா போய்ப் பதினெட்டு வருடம். பரீட்சை விண்ணப்பத்துக்குப் படமெடுக்கச் சைக்கிளில் யாழ்ப்பாணம் போனவர். படம் எடுத்திருக்கிறார். வீட்டுக்கு வரவில்லை. ஸ்ரூடியோக்காரர் பிறகு அம்மாவிடம் கொடுத்த அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டியிருக்கிறது. எனக்கு அப்போது ஏழு வயது. போகும்போது தன்னுடைய செங்கல் கேமை, அந்தச் சின்னக் கையடக்க இயந்திரத்தை, என் கையில் தந்தார். “ஸ்கோரை அழிச்சுப்போடாதை. வந்து பாப்பன்.” இரண்டு மாதத்தில் பற்றரி இறங்கியது. மாற்றினேன். ஸ்கோர் பூச்சியம். இதை அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

ஹோல் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஆணி. ஒன்றில் அப்பா, ஐந்து வருடத்துக்கு முன் மாரடைப்பில் போனவர், சந்தனமாலையோடு. மற்றதில் அண்ணா, மாலை இல்லை, பொட்டு இல்லை. அண்ணாவின் ஆணி இன்று வெறுமை. சுவர் முழுக்க மங்கிய நீலம், அந்த இடம் மட்டும் அடித்த அன்றைய நீலம். அப்படியே படமெடுத்தேன்.

வீட்டில் எதையும் மாற்ற அம்மா விடமாட்டார். வாசல் படலைக்கு அதே பச்சை. கதவுக்கு அதே பூட்டு. அந்தப் பூட்டின் திறப்பு பின்வளவில், உடைந்த ஆட்டுக்கல்லின் குழிக்குள், சிரட்டையின் கீழே. கள்ளன் எடுப்பான் என்று நான் சொன்னால், “இடத்தை மாத்தினா அவன் வந்து எங்க தேடுறது?” என்பார். அதோடு பேச்சு முடியும்.

சத்தங்கள் பதிந்தேன். கதவுக் கீல், கிணற்றுக் கப்பி, ஓட்டில் மழை. பிறகு ஆளில்லாத ஹோலில் ஐந்து நிமிடம் போனை வைத்துவிட்டு வெளியே கிணற்றடியில் நின்றேன். ஹெட்செட்டில் கேட்டால் மூன்றாவது நிமிடத்தில் சைக்கிள் ஸ்ராண்ட் போடும் சத்தம். தெளிவாக. படலைக்குப் போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. தபால்காரராக இருக்கும். கடிதம் எதுவும் இல்லை.

நவம்பர் 8, சனி

வெயில். அதிசயம்.

கேமில் வீடு எழும்பிவிட்டது. சுதன் பக்கத்து ஊர் சரவணையிலிருந்து மோட்டார்சைக்கிளில் வந்து விளையாடினான். பூட்டிய கதவு, திறப்பைத் தேடவேண்டும். பதினான்கு நிமிடம் தேடினான். பூச்சாடி, நிலைக்கு மேல், கால்மிதியின் கீழ், கிணற்றுக்குள்கூட.

“ஆரடா ஆட்டுக்கல்லுக்குள்ள திறப்பு வைக்கிறது? விசரே உனக்கு?”

“எங்கட வீட்டில வைக்கிறது.”

“அப்ப உங்கட வீட்டுக்காரர் மட்டும் விளையாடுங்கோ.”

நான் இடத்தை மாற்றவில்லை. ஆனால் இன்னொன்று சொன்னான், அது சரி. ஹோலுக்குள் வந்ததும் பயம் போய்விடுகிறது. “ரெண்டு படம் தொங்குது. அதுக்கென்ன?”

அவன் போனபின் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிச்சத்தைக் குறைத்தேன். தூசி போட்டேன். கதிரையைத் திருப்பினேன். ஒன்றும் பிடிக்கவில்லை. பிறகு அப்பாவின் மாலையைத் தெரிவுசெய்து, பிரதி எடுத்து, இழுத்து அண்ணாவின் படத்தில் போட்டேன். இரண்டு விசை, ஒரு இழுவை. ஐந்து செக்கன் வேலை.

அறை உடனே சரியாக வந்துவிட்டது.

பொய் எழுத இது இடமில்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பதினெட்டு வருடமாகத் திறந்திருந்த ஏதோ ஒன்றைச் சாத்தின மாதிரி. அதன் பிறகுதான் கை கூசியது. அம்மா அந்த நேரம் முற்றத்தில் செத்தல் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்படியே அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மூட்டம். கடையின் பின்னறையில் நின்று கொழும்போடு வீடியோவில் கதைத்தேன். பேசியவர் நிரோஷா, அறைகள் வடிவமைக்கும் பகுதிக்குப் பொறுப்பு. நல்ல மாதிரி.

“அந்த ரெண்டாவது படம், மாலையோட. சின்ன வயசு முகம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. எப்படி யோசிச்சீங்க?”

சும்மா வந்தது என்றேன்.

ஆறு மாத வேலை, வீட்டிலிருந்தே. அந்த ஹோலை வைத்துத்தான் தங்கள் புதுக் கேமைத் தொடங்கப் போகிறார்களாம். மெருகேற்றி வெள்ளிக்கிழமை அனுப்பச் சொன்னார். கையெழுத்து அதன் பிறகு.

போனை வைத்தபின் போட்டோக்கொப்பி இயந்திரத்தைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. இனி உன் மூஞ்சியில் முழிக்கத் தேவையில்லை! பத்து வயதிலிருந்து ஆசைப்பட்ட வேலை இது. ‘உந்தக் கேம் சோறு போடுமோ’ என்று கேட்ட முழுப்பேரின் முகமும் வரிசையாக வந்து போனது.

அம்மாவுக்குச் சொன்னேன். பருத்தித்துறை வடை சுட்டார். “எனக்கும் காட்டு அந்த வீட்டை.” நாளைக்கு என்றேன்.

எங்கள் உண்மை வீட்டுக்குள் நடக்கும்போது இப்போது ஒரு விதமாக இருக்கிறது. ஹோலுக்குள் காலை வைத்ததும் நான் பதிந்த அந்தச் சைக்கிள் ஸ்ராண்ட் சத்தம் வரும் என்று காது காத்திருக்கிறது.

நவம்பர் 12, புதன்

எழுதக் கை வரவில்லை. எழுதவேண்டும்.

அம்மாவுக்காக மாலை இல்லாத ஒரு பிரதி சேமித்து வைத்திருந்தேன். அவசரத்தில் திறந்தது மற்றது. மாலையோடு கொழும்புக்குப் போன பிரதி.

பின்னேரம் நாலு மணி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரை நுனியில் இருந்தார். விசைகளைக் காட்டிக்கொடுத்தேன். முதலில் வேலியில் முட்டினார். பிறகு படலையைக் கண்டார். “எங்கட பச்சை!” நான் ஒன்றும் சொல்லமுன் நேராகப் பின்வளவுக்குப் போய், சிரட்டையைத் தூக்கி, திறப்பை எடுத்தார். சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிப்பு. கதவைத் திறந்தார். ஹோல்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, எதைத் திறந்துவிட்டேன் என்று. பிந்திவிட்டது.

மவுஸிலிருந்து கையை எடுத்தார். எழும்பினார். அறையை விட்டு வெளியே போனார். எங்கே போகிறார் என்று பின்னால் போனேன். எங்கள் ஹோலுக்கு. உண்மைச் சுவரின் முன் நின்று அண்ணாவின் படத்தைத் தொட்டுப் பார்த்தார். சட்டத்தின் மேல் விளிம்பில் விரலை ஓடவிட்டார், அங்கே ஏதும் கொழுவியிருக்கிறதா என்று.

“ஆர் போட்டது?”

“நான்தான் அம்மா. கேம்தானே. சும்மா.”

“கேம்தானே” என்று தானும் சொன்னார். குசினிக்கு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

நவம்பர் 13, வியாழன்

பேச்சில்லை. சாப்பாடு மட்டும் மேசையில் மூடியபடி. இடியப்பம், சொதி.

பின்னேரம் வேலையால் வர, படலையடியில் நின்றார். முகம் பார்க்காமல் கேட்டார்.

“உந்தக் கேமை ஆர் ஆர் விளையாடுவினம்?”

“ஆரும் விளையாடலாம் அம்மா.”

“எந்த நாட்டில இருந்தெண்டாலும்?”

“ஓம்.”

கொஞ்ச நேரம் படலைக் கொழுக்கியைப் போடுவதும் எடுப்பதுமாக நின்றார்.

“அப்ப அந்த மாலையைக் கழட்டு தம்பி. எங்கயாவது இருந்து அவன் அதைத் திறந்தா எங்கட வீடெண்டு மட்டுக்கட்டிப்போடுவான். உள்ள வந்து மாலையைக் கண்டா? அம்மாவும் என்னை விட்டிட்டா எண்டு அப்பிடியே திரும்பிப் போயிடுவான்.”

“வேற ஒரு ஆளின்ர முகத்தைப் போடட்டோ? மாலையோட?”

“அவன்ர ஆணியில வேற ஆரையும் தொங்கவிடாதை.”

கோபம் வந்தது. அம்மாவில் இல்லை, அண்ணாவில். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத ஒருவருக்காக எத்தனை வருடம் ஒரு வீட்டைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரித் தூக்கிக்கொண்டு நிற்பது? உரத்துச் சொல்லவில்லை. இங்கே மட்டும்.

நவம்பர் 14, வெள்ளி

மழை, காற்று.

மாலையைத் தெரிவுசெய்தேன். அழி. ஒரு விசை. அறை பழையபடி பிடிப்பில்லாமல் போய்விட்டது. அப்படியே கொழும்புக்கு அனுப்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு நிரோஷாவின் அழைப்பு. “மாலை எங்க போச்சு? இப்ப அந்த ரூம் ஒண்ணுமே சொல்லலையே. அந்தப் பையன் செத்துட்டானா, இருக்கானா? விளையாடுறவங்களுக்கு அது தெரியணும்ல?”

“எங்களுக்கும் தெரியாது மிஸ்.”

அவருக்கு விளங்கவில்லை. மரியாதையாகத்தான் வைத்தார். வேறு வேலை வந்தால் அறிவிப்பார்களாம்.

போட்டோக்கொப்பி, இருபத்தெட்டுப் பக்கம், இரண்டு பிரதி. தாள் சிக்கவில்லை. அதற்கும் என்னைத் தெரியும்.

நவம்பர் 15, சனி

கேமைச் சொந்தமாகச் செய்பவர்கள் இலவசமாக ஏற்றும் ஒரு தளத்தில் வீட்டைப் போட்டுவிட்டேன். யார், எந்த நாடு, எங்கே எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று எனக்கு ஒரு பட்டியல் வரும். பிழை திருத்தச் செய்த வசதி.

அம்மாவுக்குச் சொன்னேன். “இப்ப திறந்து கிடக்கோ?” “ஓம்.” தலையாட்டினார். பழையபடி கதைக்கிறார்.

நவம்பர் 17, திங்கள்

ஒன்பது பேர். வேலையால் வந்து செருப்பைக் கழற்றமுன் அம்மா: “இண்டைக்கு ஆர் வந்தது?” விருந்தாளிகளைக் கேட்கிற மாதிரி.

கனடா இரண்டு, போலந்து ஒன்று, இந்தியா ஆறு என்று வாசித்தேன். ஒருவருக்கும் திறப்பு எட்டு நிமிடத்துக்குள் கிடைக்கவில்லை. நாலு பேர் கிடைக்காமலே போய்விட்டார்கள்.

“பாவங்கள். வாசலோட போயிட்டுதுகள்” என்றார்.

இப்படியே ஒவ்வொரு நாளும் கேட்கப் போகிறாரா? நான் என்ன வேலை செய்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 19, புதன்

காலையில் வெயில், பிறகு இருட்டிக்கொண்டு வந்தது. கடை அரைநாள்.

பட்டியல் பார்த்தேன். முப்பத்தோராவது ஆள். நாடு: தெரியவில்லை. படலையிலிருந்து ஆட்டுக்கல்வரை பதினொரு செக்கன்.

ஓடினாலே பத்து ஆகும். எங்கும் திரும்பவில்லை, தேடவில்லை.

சுதனுக்குப் போன் எடுத்தேன். “நான் இல்லையடா, அம்மாவாணை. என்ர லப்டொப் பழுதாகி ஒரு கிழமை.” யாராவது இடத்தைச் சொல்லி வீடியோ போட்டார்களா என்று தேடினேன். இல்லை. முன்பு விளையாடியவர் வேறு கணினியில் திரும்பத் திறந்திருக்கலாம். ஓம், அதுவாகத்தான் இருக்கும். அப்படித்தான் இருக்கவேண்டும்.

மிச்சத்தையும் பார்த்தேன். கதவைத் திறந்திருக்கிறார். மற்ற அறைகளுக்குப் போகவில்லை. ஹோலில், இரண்டாவது ஆணிக்கு முன்னால், ஆறு நிமிடம். பிறகு வெளியே வந்து கதவைச் சாத்தியிருக்கிறார். சாத்தவேண்டிய தேவை கேமில் இல்லை. கையிலிருந்த திறப்பைக் கீழே போட்டிருக்கிறார். போட்ட இடம் பட்டியலில் இருக்கிறது. ஆட்டுக்கல்.

மூன்று மணியிலிருந்து அந்தப் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது ஐந்தேகால். அண்ணாவில் கோபம் என்று போன கிழமை எழுதியது நான்தான்.

குசினியில் தேத்தண்ணிக் கோப்பைச் சத்தம். அம்மா அங்கிருந்தே கேட்கிறார்.

“தம்பி, இண்டைக்கு ஆர் வந்தது?”