மாத்திரைத் தெம்பு

மட்டாஞ்சேரி,
வெள்ளி காலை, வாட்ஸ்அப்பில்

மச்சானுக்கு ஸலாம்.

துபாயிலிருந்து நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் நான் மாத்திரை போட்ட தெம்பில்தான் பேசுகிறேன். அதனால்தான், "கொரல் நல்லாத்தானே இருக்கு, மடி பிடிச்சுக் கெடக்காதே" என்கிறீர்கள்.

இது சோம்பல் இல்லை. உடம்பே தன் தசைகளைத் தளரவைக்கும் நோய் என்றார் டாக்டர். காலையில் தலை பின்னிய கை, மத்தியானம் சீப்பைக்கூடத் தூக்காது. நேற்று சாயா தொண்டையில் இறங்காமல் மூக்கு வழியே வந்தது.

உடனே அட்மிட் ஆகச் சொல்கிறார்கள். உங்கள் உம்மாவோ, "அவன் சொல்லட்டும் மோளே" என்கிறார்.

இன்று தெம்பு அடங்குகிற சாயங்கால அஸர் தொழுகை நேரத்தில் கூப்பிடுங்கள். இரண்டு தடவை ஹலோ சொல்லிவிட்டு, லைன் போச்சு என்று வைத்துவிடாதீர்கள். கேட்கிற அந்த மூச்சுச் சத்தம் நான்தான்.

உங்கள் வீட்டுக்காரி